சேன் வெரானும் அதைச் சுற்றியுள்ள மலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் ஆல்ப்ஸ் என்றதும் பலரும் ஷமோனிக்கும் மோன் பிளாங்குக்கும்தான் டிக்கெட் போடுகிறார்கள். அங்கிருந்து வெகு தெற்கே, இத்தாலி எல்லை ஓரமாக, சேன் வெரான் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தப் பாதையில் நடக்கலாம், எந்த உச்சியில் ஏறலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊரில் முதலில் வீட்டையும் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும், மலை அப்புறம்தான். பதில்களும் அந்த வரிசையிலேயே வருகின்றன.

சேன் வெரான் எங்கே இருக்கிறது?

பிரான்ஸின் தென்கிழக்கில் ஓத்-ஆல்ப் மாவட்டத்தில், கெய்ராஸ் என்ற மலைப்பகுதியில் இருக்கிறது. கீய் ஆறும் அதன் கிளைகளும் ஓடும் பகுதி இது. 1977 முதல் வட்டார இயற்கைப் பூங்காவாகப் பேணப்படுகிறது. கிராமம் சுமார் 2,040 மீட்டர் உயரத்தில், நன்றாக வெயில் படும் சரிவில், ஒரு நீண்ட வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது.

கிராமத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கவயோன் நகரத்து ஆயரான வெரான் ஒரு டிராகனோடு மோதி அதைக் காயப்படுத்தினாராம். அது ஆல்ப்ஸை நோக்கிப் பறந்தபோது வழியெங்கும் ரத்தம் சொட்டியதாம். அந்தச் சொட்டுகள் விழுந்த இடங்களே புரோவான்ஸ் சமவெளியிலிருந்து கோடையில் ஆடுகளை மலைக்கு ஓட்டிவரும் மேய்ப்பர்களின் தங்கல்கள் ஆயின என்கிறார்கள். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், சமவெளிக்கும் இந்த மலைக்கும் இடையே ஆட்டு மந்தைகள் போட்ட பாதை உண்மையானது.

ஐரோப்பாவிலேயே உயரமான கிராமம் இதுதானா?

அப்படிச் சொல்லும் விளம்பரங்கள் நிறைய. ஆனால் சுவிட்சர்லாந்தில் யூஃப் என்ற சிற்றூர் 2,126 மீட்டரில் இருக்கிறது. அங்கும் ஆண்டு முழுவதும் மக்கள் வாழ்கிறார்கள். பிரான்ஸிலேயே வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருந்தாலும், அது பனிச்சறுக்குக்காக 20-ஆம் நூற்றாண்டில் கட்டிய விடுதி நகரம். தலைமுறை தலைமுறையாக உழுது விதைத்து, மாடு வளர்த்து, ஆறேழு மாதப் பனியைத் தாங்கி மக்கள் வாழ்ந்துவந்த ஊர் என்று எடுத்துக்கொண்டால், பிரான்ஸில் சேன் வெரானுக்கு மேலே வேறு ஊர் இல்லை. அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

எப்படிப் போவது?

ரயிலில் போனால் மோன்தோஃபேன்-கியெஸ்த்ர் நிலையத்தில் இறங்க வேண்டும். பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரியான்சோன் செல்லும் இரவு ரயில் அங்கே நிற்கும். அங்கிருந்து பஸ்ஸில் கீய் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு வழியாக மேலேற வேண்டும். காரில் வருபவர்கள் ஊர் முகப்பிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், உள்ளே சந்துகள்தான். இத்தாலியிலிருந்து 2,744 மீட்டர் உயர அஞ்ஞெல் கணவாய் வழியாகவும் வரலாம். பனிக்காலத்தில் அந்தக் கணவாயை மூடிவிடுவார்கள்.

வீடுகளின் மேல்பாதி முழுக்க மரமாக இருப்பது ஏன்?

இந்த ஊரில் நின்று பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். வீட்டின் கீழ்ப்பகுதி கல். அதன் மேலே லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் முழுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய பெரிய களஞ்சியம். மூலைகளில் உற்றுப் பார்த்தால் கட்டடத்தின் சூட்சுமம் புரியும். கட்டைகளின் முனையில் பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று அமரும்படி கோத்திருக்கிறார்கள். வெயில் பட்ட பக்கம் கட்டை கருகினாற்போல் கறுத்திருக்கும். நிழல் பக்கம் சாம்பல் நிறம். லார்ச் பிசின் நிறைந்த மரம். மழையிலும் பனியிலும் லேசில் உளுத்துப்போகாது.

இந்த மரப்பகுதிக்கு ஃபுஸ்த் என்று பெயர். மாடுகளுக்கான உலர்புல்லை அங்கேதான் சேமித்தார்கள். கட்டைகளின் இடுக்கு வழியே காற்று நுழைவதால் புல் பூஞ்சை பிடிக்காமல் காய்ந்தது. முன்பக்கம் அடுக்கடுக்காக நீண்டிருக்கும் மாடங்களைப் பார்த்து, உட்கார்ந்து காற்று வாங்கும் இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவை தானியத்துக்கானவை. 2,000 மீட்டரில் கோடை மிகவும் குறுகியது. ரை என்ற தானியமும் பார்லியும் வயலிலேயே முழுசாக முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். அதனால் கதிரை அறுத்துக் கட்டுக் கட்டாக இந்த மாடங்களில் வெயில் பட வைத்து முற்ற விட்டார்கள். வீடுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்பதற்கும் இந்த வெயில் தேவைதான் காரணம்.

மனிதர்களும் மாடுகளும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கல் பகுதியில் ஆடு, மாடு, மனிதர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் குளிர்காலத்தைக் கழித்தார்கள். விறகைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய ஊரில் மாட்டின் உடல் சூடுதான் வீட்டைக் கதகதப்பாக்கியது. தலைக்கு மேலே குவிந்திருந்த உலர்புல் அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் காத்தது. 1641-இல் கட்டிய சூம் என்ற வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த வாழ்க்கையை அங்கே பார்க்கலாம். இப்படி மாடுகளோடு வாழ்ந்த கடைசிக் குடும்பங்கள் 1970-கள் வரை இருந்தன. ஏழ்மையின் அடையாளம் என்று முகம் சுளிக்க வேண்டாம். கிடைத்த ஒவ்வொரு துளிச் சூட்டையும் கணக்குப் போட்டுக் கட்டிய வீடு அது.

கிராமத்தின் நடுவே ஏன் இத்தனை வெற்றிடங்கள்?

தீக்குப் பயந்துதான். மேலே முழுக்க மரம், உள்ளே முழுக்கக் காய்ந்த புல். ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் ஊரைப் பல குடியிருப்புகளாகப் பிரித்து, நடுவே வீடே கட்டாத இடைவெளி விட்டார்கள். ஒரு குடியிருப்பு எரிந்தாலும் அடுத்தது தப்பும். ஒவ்வொன்றுக்கும் மரத்தில் செய்த தண்ணீர்த் தொட்டியும் பொது ரொட்டி அடுப்பும் உண்டு. தொட்டிகளில் இன்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரொட்டி சுடுவது ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் நேரத்தில்தான். விறகை மிச்சப்படுத்த எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து அடுப்பை மூட்டி, ஆண்டுக்குத் தேவையான ரை ரொட்டியை மொத்தமாகச் சுட்டு அடுக்கி வைத்தார்கள். சில மாதங்களில் அது கல்லாய்க் காய்ந்துவிடும். அதை வெட்டவே பலகையில் ஒரு முனை பொருத்திய நீண்ட கத்தி இருந்தது. மறுமுனையை அழுத்தினால் ரொட்டி துண்டாகும். நம் வீட்டு அரிவாள்மணையைத் திருப்பிப் போட்டாற்போல் இருக்கும். அருங்காட்சியகத்தில் தவறாமல் பாருங்கள்.

சுவர்களில் இருக்கும் சூரியக் கடிகாரங்களை வரைந்தது யார்?

பலருடைய வேலை. ஆனால் புகழ்பெற்றவர் ஜொவான்னி ஃபிரான்செஸ்கோ சார்புலா. இத்தாலியப் பக்கமான பியெமோந்தேயிலிருந்து வந்தவர். 1830-களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராகப் போய், தேவாலயச் சுவர்களிலும் வீட்டுச் சுவர்களிலும் சூரியக் கடிகாரம் வரைந்தார். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டும் முறை அவருடையது. பூச்சு காயும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். அதனால்தான் இத்தனை பனிக்காலங்களுக்குப் பிறகும் பளிச்சென்று இருக்கிறது.

அவருடைய கையை அடையாளம் காண்பது எளிது. சலவைக்கல் தூண் போலத் தீட்டிய சட்டம், பூ ஜாடி, இந்த மலையில் யாரும் கண்டிராத வெளிநாட்டுப் பறவைகள், காலம் கழிவதையும் சாவு வருவதையும் சொல்லும் ஒரு வாசகம், தன் பெயரின் மூன்று முதலெழுத்துகள். கடுங்குளிரில், கறுத்த மரக்கட்டைகளுக்கு நடுவே, பஞ்சவர்ணப் பறவை ஒன்று சுவரில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்த நாடோடிக் கலைஞர்மேல் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது.

அந்தக் கடிகாரம் தப்பான நேரம் காட்டுகிறதே?

அது சரியாகத்தான் காட்டுகிறது. வேறு கணக்கில் ஓடுவது நம் கைக்கடிகாரம்தான். சேன் வெரான் கிரீன்விச்சுக்குக் கிட்டத்தட்ட 7 பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால், அங்கே சூரிய நேரம் கிரீன்விச்சைவிட அரைமணிக்குச் சற்றுக் குறைவாக முன்னே நிற்கும். பிரான்ஸின் அரசுக் கடிகாரமோ குளிர்காலத்தில் 1 மணி, கோடையில் 2 மணி முன்னே ஓடுகிறது. ஆக, சுவர் காட்டும் நேரத்தோடு குளிர்காலத்தில் அரைமணியும் கோடையில் ஒன்றரை மணியும் கூட்டிக்கொள்ளுங்கள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இன்னொரு வேறுபாடு உண்டு: நவம்பர் தொடக்கத்தில் நிழல் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவர் நேராகத் தெற்கு பார்த்திருப்பது அபூர்வம். அதனால் மணிக்கோடுகள் ஒருபக்கம் நெருங்கியும் மறுபக்கம் விரிந்தும் இருக்கும். ஒவ்வொரு சுவருக்கும் தனியாகக் கணக்குப் போட்டால்தான் கோடு சரியாக விழும். ஒரு வீட்டுக் கடிகாரத்தை அப்படியே நகலெடுத்து அடுத்த வீட்டில் வரைய முடியாது.

தேவாலயம், சிலுவைகள்?

தேவாலய வாசலில் கல்லில் செதுக்கிய பழைய சிங்கங்களைப் பாருங்கள். ஊரில் புரோட்டஸ்டன்டுகளுக்கும் தனி ஆலயம் உண்டு. கெய்ராஸில் அவர்கள் கணிசமாக இருந்தார்கள். 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது பல குடும்பங்கள் கணவாய்களைத் தாண்டி வெளியேறின. தெருவோரம் நிற்கும் பெரிய மரச்சிலுவைகளில் இயேசுவின் உடல் இருக்காது. ஆணி, சுத்தியல், ஏணி, ஈட்டி, பகடைக்காய், சேவல் என்று அவருடைய பாடுகளின் கருவிகளை மட்டும் செதுக்கி மாட்டியிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கதையை வரிசையாகப் படித்துவிடலாம்.

மலைக்காரர்கள் சொந்தமாகக் குடியரசு நடத்தினார்கள் என்கிறார்களே?

முழுக்கக் குடியரசு இல்லை, ஆனால் பெரிய சுதந்திரம்தான். 1343 மே 29 அன்று, கடனில் மூழ்கியிருந்த தோஃபினே நாட்டு அதிபர் இரண்டாம் உம்பேர், மலை ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஊர்கள் 12,000 ஃபுளோரின் ரொக்கமும், ஆண்டுதோறும் 4,000 தங்க டுகாட்டும் கட்ட வேண்டும். பதிலுக்கு வரியைத் தாங்களே பங்கிடலாம், கூட்டம் கூட்டலாம், தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். வரியைப் பங்கிடும் இந்தக் கூட்டமைப்புகளுக்கு எஸ்கார்த்தோன் என்று பெயர். மொத்தம் 5, அவற்றில் ஒன்று கெய்ராஸ். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை எல்லையை மாற்றியதால் 3 எஸ்கார்த்தோன்கள் எல்லைக்கு அப்பால் இருந்த சவோய் அரசுக்குப் போயின. மீதி இரண்டும் பிரெஞ்சுப் புரட்சி வரை நீடித்தன.

கணக்கைத் தாங்களே பார்த்துக்கொண்டதால் இந்த மலைகளில் படித்தவர்கள் அதிகம். இலையுதிர் காலம் வந்தால் இங்கிருந்து ஆசிரியர்கள் கிளம்பி, கீழ் ஊர்களின் சந்தைகளில் வேலை தேடி நிற்பார்கள். தொப்பியில் ஒரு இறகு என்றால் எழுத்து கற்பிப்பார், இரண்டு என்றால் கணக்கும் சேர்த்து, மூன்று என்றால் லத்தீனும் தெரியும்.

சரி, நடக்க எங்கே போகலாம்?

முதல் நாளுக்கு ஏற்றது க்ளோசி மாதா சிற்றாலயம். எக் பிளான்ஷ் ஓடையை ஒட்டிய பாதை. 2,400 மீட்டரை நெருங்கும் உயரம். நிதானமாக நடந்தால் போக 2 மணி நேரம் பிடிக்கும். கோடையில் அந்தச் சாலையில் தனியார் வாகனங்களை விடுவதில்லை; நடக்க முடியாதவர்களுக்குச் சிறிய பஸ் ஓடும். ஜூலை 16 அன்று அங்கே திருயாத்திரை. எல்லைக்கு அப்பால் உள்ள இத்தாலிய ஊர்க்காரர்களும் கணவாய் ஏறி வருவார்கள்.

அதற்கு மேலே போனால் பிளான்ஷ் ஏரியும், 2,500 மீட்டரில் மலையேறிகள் தங்கும் விடுதியும் வரும். எதிரே தேத் தே துவாய் என்ற 3,175 மீட்டர் கூம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். நல்ல பயிற்சி உள்ளவர்கள் ஷாமுசியேர் கணவாய் வழியாகக் கராமாந்த்ரான் சிகரம் ஏறலாம். 3,000 மீட்டரைத் தொட்டுவிட்ட திருப்தி கிடைக்கும். வானம் தெளிந்திருந்தால் இத்தாலியின் விசோ மலை (3,841 மீட்டர்) முழுசாகத் தெரியும். கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். அதிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள்.

வழியில் செம்புச் சுரங்கம் இருக்கிறதாமே?

ஆமாம். வெண்கலக் காலத்திலேயே, அதாவது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே செம்பு எடுத்திருக்கிறார்கள். போர்னைட் என்ற செம்பு மிகுந்த தாது. உடைத்த பக்கம் காற்றுப் பட்டால் மயில் கழுத்து நிறமாக மாறும். அதை இங்கேயே உருக்கியும் இருக்கிறார்கள். பின்னர் 20-ஆம் நூற்றாண்டில் மறுபடியும் சில காலம் தோண்டினார்கள். வெளியே நின்று பாருங்கள். சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள், கல் எடுத்துவராதீர்கள்.

இரவு வானத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஊருக்கு மேலே ஷாத்தோ ரெனார் சிகரத்தை ஒட்டி, 2,930 மீட்டரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. பாரிஸ் வானாய்வகம் 1974-இல் சூரியனின் கொரோனாவை, அதாவது அதைச் சுற்றியுள்ள மங்கிய ஒளிவட்டத்தை, ஆராய்வதற்காக அதை அமைத்தது. காற்று வறண்டு தூசியற்று இருந்தால்தான் சூரியத் தட்டை மறைத்துவிட்டு அதன் ஓரத்து மங்கிய ஒளியைப் பார்க்க முடியும். அதற்கு இந்த இடம் வாகாக இருந்தது. பிறகு ஆஸ்ட்ரோகெய்ராஸ் என்ற ஆர்வலர் சங்கம் அதை ஏற்று நடத்துகிறது. 62 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. முன்பதிவு செய்தால் போகலாம். கிராமத்திலேயே சூரிய இல்லம் என்ற காட்சியகமும் உண்டு.

அக்கம்பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

ஷாத்தோ கெய்ராஸ் கோட்டை. பள்ளத்தாக்கை அடைத்தாற்போல் ஒரு பாறைமேல் நிற்கிறது. 1692-இல் சவோய் படை புகுந்த பிறகு, லூயியின் பொறியாளர் வொபான் இந்த எல்லையைப் பலப்படுத்தினார். அவர் 1693-இல் கட்டத் தொடங்கிய மோன்-தோஃபேன் கோட்டை நகரம் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ரயில் நிலையத்துக்கு நேர் மேலே இருப்பதால், திரும்பும் நாளில் அரைநாள் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

மொலீன் ஊருக்கு வரும் சாலையில் தலைப்பாகை கட்டிய பெண் என்று சொல்லும் மண்தூண் ஒன்று நிற்கிறது. பனியாறு விட்டுப்போன கலவை மண்ணை மழை கரைக்கும்போது, உச்சியிலிருந்த பாறாங்கல் குடையாகி அடியில் இருந்த மண்ணை மட்டும் காத்தது. மிச்சம் எல்லாம் கரைந்து ஓட, தூண் நின்றுவிட்டது.

இசுவார் கணவாய் (2,360 மீட்டர்) சைக்கிள் பந்தய ரசிகர்களுக்குப் புனிதத் தலம். அந்தக் கணவாய்ச் சாலையோரம் பந்தய வீரர்கள் கோப்பிக்கும் போபேவுக்கும் நினைவுக்கல் இருக்கிறது. அதன் அருகே ஆர்வியே ஊரில், பனிக்காலத்தில் வேலையில்லாத குடும்பங்களுக்காக 1920-இல் தொடங்கிய மரப் பொம்மைக் கூட்டுறவு உண்டு. குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கினால் அங்கே வாங்குங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. விசோ மலையின் வடபக்கம், 2,900 மீட்டரை ஒட்டிய உயரத்தில், த்ராவெர்செத் என்ற சுரங்கப்பாதை. 1480 வாக்கில், புரோவான்ஸின் உப்பு இத்தாலிப் பக்கம் வருவதற்காக சலுட்சோ சிற்றரசர் தோண்டச் செய்தது. சுமார் 75 மீட்டர் நீளம். டார்ச் விளக்கோடு இன்றும் நடந்து கடக்கலாம். அதற்கு முழு நாள் வேண்டும், காலும் பழகியிருக்க வேண்டும்.

என்ன விலங்குகள் தென்படும்?

மார்மோட் அணில்கள் நிச்சயம். விசில் அடித்து ஒன்றையொன்று எச்சரிக்கும். ஷாமுவா, ஐபெக்ஸ் காட்டாடுகள், கோடையில் பாறுக் கழுகுகளும் உண்டு. விசோவைச் சுற்றிய பகுதியில் மட்டும் வாழும் லான்சா சாலமாண்டர் என்ற, பல்லி போன்ற நீர்நில உயிரி அபூர்வமானது. பளபளவென்று கருப்பு நிறம். முட்டையிடாமல் குட்டி போடும். மழைக்குப் பின் இரவில் பாதைக்கு வருவதால் கவனமாகக் காலை வையுங்கள்.

மந்தைக்காவல் நாய்களைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓநாய்கள் திரும்பி வந்துவிட்டதால் ஆடுகளோடு பெரிய வெள்ளை நாய்களை விட்டிருப்பார்கள். பாய்ந்து வந்து குரைக்கும். ஓடாதீர்கள், தடியை ஓங்காதீர்கள், கண்ணோடு கண் முறைக்காதீர்கள். நின்று, அது முகர்ந்து பார்க்கும் வரை பொறுத்து, மந்தையைச் சுற்றிப் போங்கள்.

எந்த மாதம் நல்லது? ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். செப்டம்பர் அமைதி. ஊசியிலை மரமானாலும் லார்ச் இலை உதிர்க்கும். அக்டோபரில் காடு முழுவதும் மஞ்சளாகிவிடும். ஆனால் அப்போது பல விடுதிகள் மூடியிருக்கும். குளிர்காலம் பனிச்சறுக்குக்கும் பனிக்காலணி நடைக்கும்.

ஒரு நாளில் பார்க்கலாம், பார்க்காதீர்கள். காலை 11-க்கு வந்து 4-க்குக் கிளம்புபவர்கள் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். குறைந்தது 2 இரவு தங்குங்கள். உயரம் பழகவும் முதல் நாள் தேவை: படி ஏறினால் மூச்சு வாங்கும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வெயில் தோலைச் சுடும். இரவு உணவுக்குத் தங்கும் இடத்திலேயே சொல்லிவையுங்கள். கெய்ராஸ் நீலப் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கு மாவில் உருட்டிய ரவியோலும் கிடைத்தால் விடாதீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அறையைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் சூப்பிலும் கிராத்தான் என்ற அடுப்பில் சுட்ட உணவிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவது அங்கே வழக்கம்.